பெயர் சொல்லாத நோய்

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக இடமில்லாதிருந்தது. அதனைச் சொல்லியே ஆக வேண்டிய வேளைகளில் 'அது' என்போம். 'அந்த நோய்' என்போம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, 'ஆகாத சீக்கு' என்பார்கள். வாய்விட்டு உச்சரித்தால் அது காதில் கேட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடும் என்பது போன்றதோர் அச்சம். அச்சொல் புற்றுநோய்.

2019 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அச்சொல்லை ஊரறிய, உறவறிய உரைத்துவிட்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு நாட்களில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரம் மிதிவண்டி மிதித்தேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் அறப்பயணம் அது.

இதனை ஒரு வீரக் கதையாக வாசகர்கள் கருதிவிட வேண்டா. அன்று மிதித்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். என்னைவிட மூத்தோர் அவர்களுள் பலர். அந்நோயிலிருந்து மீண்டு வந்தோரும் பலர். அவர்களெல்லாம் என்னைப் புன்னகையோடு முந்திச் சென்றார்கள். 300 கிலோமீட்டர் எனக்குக் கடினமாக இருந்தது உண்மையே. ஆயினும் அதனினும் கடினமாக இருந்தது, வண்டியில் ஏறுவதற்கு முன் நான் எழுத வேண்டியிருந்த ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தின் கதையையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

* * *

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்று எங்களுடையது. வாப்பா சிறியதொரு ஜவுளிக் கடை வைத்திருந்தார்கள். எனக்கு மூத்தவர்கள் இரண்டு லாத்தாமார். நான் கடைக்குட்டி.

எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. அரை மணிக்கு ஐம்பது காசு. கால் எட்டாத வயதில் குரங்குப் பெடல் போட்டு நான் சைக்கிள் பழகியது உம்மா கொடுத்த காசில்தான். சமையற்கட்டுப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்து அழுத்தி, "வாப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்பார்கள். வாப்பாவுக்குத் தெரியாமல் இருந்ததேயில்லை என்பது பின்னாளில் எனக்குப் புரிந்தது.

உம்மா மறைத்த மற்றொன்று மட்டும் உண்மையாகவே எவருக்கும் தெரியாமற் போய்விட்டது.

1992 ஆம் ஆண்டில் தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதை உம்மா உணர்ந்திருக்கிறார்கள். வலி இல்லை. வலியில்லாத கட்டியைப் பற்றி யாரிடம், என்னவென்று சொல்வது? மேலும், அது பெரிய லாத்தாவைப் பெண் பார்க்க வந்துபோய்க் கொண்டிருந்த காலம். "தாய்க்கு அந்த நோயாம்" என்று ஒரு பேச்சு எழுந்துவிட்டால், இரண்டு பெண்களும் வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான் என்று அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கு அவர்கள் ஒருவர் மட்டும் போட்டதன்று. எத்தனையோ வீடுகளில், எத்தனையோ தாய்மார்கள் போட்ட கணக்கு.

இரண்டு நிக்காஹ்களும் இனிது நிறைவேறின. இளைய லாத்தா புகுந்த வீடு சென்ற பத்தாம் நாள், மூத்தவளை அருகழைத்து, "ஒரு கட்டி இருக்கும்மா, நாளாயிடுச்சு" என்றார்கள். மதுரைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "ஏன் இத்தனை நாள்?" என்பதே. அதற்கு எங்களுள் எவரும் விடை கூறவில்லை. ஊசிகள் ஏற்றினார்கள். முடி உதிர்ந்தது. முக்காடு அதனை மறைத்தது. 1994 ஆம் ஆண்டில், ஏழு மாதங்களுக்குப் பின், உம்மா எங்களை விட்டுப் பிரிந்தார்கள். எனக்கு அப்போது வயது பதினேழு.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் வாப்பா, "வயித்துப் புண்ணு" என்றார்கள். நாங்களும் அதையே சொன்னோம். லாத்தாமாரின் புகுந்த வீடுகளிலும் அதுவே சொல்லப்பட்டது. நாளடைவில் எங்களுக்கே அது பழகிவிட்டது.

நோய் தொடங்கியபோதே சொல்லியிருந்தால் உம்மா பிழைத்திருப்பார்களா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆயுள் இறைவன் கையில் உள்ளது. ஆனால் சொல்லாதிருந்த இரண்டாண்டுகளில் நோய் வளர்ந்தது என்பதை மருத்துவர் உறுதியாகக் கூறினார்.

* * *

பல ஆண்டுகள் கழித்துப் பிழைப்பு என்னைப் பாஸ்டன் நகரில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கு என்னோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் கோடையில் இரண்டு நாள் விடுப்பில் செல்வார். முகம் கறுத்து, தோல் உரிந்து, மிகுந்த மகிழ்ச்சியோடு திரும்புவார். ஒருநாள் காரணம் கேட்டேன். தம் மகளுக்கு நான்கு வயதில் இரத்தப் புற்றுநோய் கண்டதென்றும், பாஸ்டனிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் பிழைத்தாளென்றும், இப்போது கல்லூரியில் படிக்கிறாளென்றும் சொன்னார். வானிலை பற்றிப் பேசுவதுபோல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அந்த நிலையத்துக்காகவே அவர் மிதிக்கிறார்.

அப்பயணத்தின் பெயர் பான்-மாஸ் சேலஞ்ச். பில்லி ஸ்டார் என்னும் இளைஞர் 1974 ஆம் ஆண்டில் தம் தாயைத் தோற்புற்றுக்குப் பறிகொடுத்தார். அத்தாய்க்கு வயது 49. ஆறாண்டுகள் கழித்து, 1980 இல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 36 பேராக மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே மிதிவண்டியில் கடந்தார். 10,200 டாலர் திரண்டது. அந்தச் சிற்றோடை பெருகிப் பெருகி, 2024 ஆம் ஆண்டில் மொத்தத் திரட்டு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மிதிப்பவர் திரட்டும் தொகை ஒரு காசும் குறையாமல் அந்நிலையத்துக்குச் செல்கிறது; நடத்தும் செலவுக்கு வேறு வழிகளில் பணம் தேடுகிறார்கள்.

"அடுத்த ஆண்டு நீயும் வா" என்றார் நண்பர். மறுக்க வாய் வரவில்லை. பெயரைப் பதிந்துவிட்டேன். பதிந்த பிறகே விதிமுறையைப் படித்தேன். மிதிக்கும் ஒவ்வொருவரும் குறைந்தது இவ்வளவு தொகை திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தேர்ந்த முழுத் தொலைவுக்கு அது சில ஆயிரம் டாலர். திரட்டாவிட்டால் மீதியைத் தம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள இசைவு தர வேண்டும்.

அதனைப் படித்ததும் எனக்கு ஒருவகை நிம்மதியே ஏற்பட்டது. எவரிடமும் கேட்க வேண்டியதில்லை! சிறுகச் சிறுகச் சேர்த்து முழுத் தொகையையும் நானே கட்டிவிடலாம். ஏனெனில், கடன் வாங்காதே, கை நீட்டாதே என்பது வாப்பா எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். பட்டினி கிடந்தாலும் அடுப்பில் வெறும் பானையை ஏற்றிப் புகை காட்டிய தலைமுறை அவர்களுடையது. கொடுக்கும் கையாக இரு, வாங்கும் கையாக இராதே என்று கேட்டு வளர்ந்தவன் எப்படிப் பிறரிடம் போய் நிற்பான்?

என் எண்ணத்தை நண்பரிடம் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "நீயே கொடுத்தால் ஒரு மனிதன் கொடுத்ததாகும். நூறு பேரிடம் கேட்டால், நூறு பேர் இந்த நோயைப் பற்றி ஒரு நிமிடமாவது நினைப்பார்கள். அவர்களுள் ஒருவருக்கு அந்த நிமிடம் தேவைப்படலாம்" என்றார். அவர் சொன்னது எத்துணை உண்மை என்பதை நான் அறிய மேலும் எட்டு மாதங்கள் ஆயின.

* * *

கடிதம் எழுத அமர்ந்தேன். அலுவலக நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. உறவினருக்கும் ஊராருக்கும் தமிழில் ஒன்று.

ஆங்கிலக் கடிதம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என் தாய் மார்பகப் புற்றுநோயால் 1994 இல் இறந்தார், அவருக்காக மிதிக்கிறேன், உதவுங்கள். அவ்வளவுதான். தமிழ்க் கடிதத்துக்கு மூன்று வாரங்கள் ஆயின.

வியப்பாக இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் என் நாவில் கனக்கவேயில்லை. அது எவருடைய சொல்லோ. தமிழில் எழுத முனைந்தாலோ, மதுரை மருத்துவமனையின் மருந்து நெடியும், உம்மாவின் முக்காடும், வாப்பா சொன்ன 'வயித்துப் புண்ணு'ம் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்து எழுந்து வந்தன. நல்லதொரு காரியத்துக்காக மிதிவண்டிப் பயணம் மேற்கொள்கிறேன் என்று பொதுப்படையாக எழுதி, மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எல்லாம் இருக்கு. எதுக்காக ஓட்டுறீங்கங்கறது மட்டும் இல்லையே" என்றாள்.

வாப்பாவின் இசைவின்றி எழுத எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. தொலைபேசியில் அழைத்தேன். வாப்பாவுக்கு அப்போது வயது 80. தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். மறுமுனையில் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இருமுறை "வாப்பா, வாப்பா" என்றேன். "இருக்கேன்" என்றார்கள். பின்னர், "அசருக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்கள்.

நான்கு நாட்கள் கழித்து அவர்களே அழைத்தார்கள். ஸலாம் சொன்னதும் நேரே விஷயத்துக்கு வந்தார்கள்.

"நோவு பேரை எழுது வாப்பா. அவ பேரை மட்டும் எழுதாதே. அது நம்ம வீட்டோட இருக்கட்டும்."

அன்றிரவே கடிதத்தை முடித்தேன். வாப்பாவின் நிபந்தனையை அக்கடிதத்திலும் காத்தேன், இக்கட்டுரையிலும் காக்கிறேன்.

* * *

கடிதம் போன வேகத்தில் ஒரு கண்டனமும் வந்தது. என் தாய்மாமா அழைத்தார்கள். "நம்ம காசு அமெரிக்கக்காரனுக்கு எதுக்கு மாப்பிள்ளை? அவன்கிட்ட இல்லாத பணமா? அடையாற்றில் ஆஸ்பத்திரி இல்லையா?"

நியாயமான கேள்வி. தம் உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அரும்பாடுபட்டு, 1954 ஆம் ஆண்டில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய நிலையம் அது. டாக்டர் வி. சாந்தா அவர்கள் தம் வாழ்நாளையே அதற்கு அளித்தார்கள். அங்கும் பணம் தேவைதான். மாமாவுக்கு உடனே விடை கூற எனக்குத் தெரியவில்லை. விடை தேடி நூல்களைப் புரட்டினேன். கிடைத்த செய்தி என்னை அதிர வைத்தது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெயரை வாசகர்களுள் சிலர் அறிந்திருக்கக்கூடும். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895 இல் பிறந்தவர். உடன்பிறந்தார் இருவரைக் குடலை அரிக்கும் கழிச்சல் நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்புக்கு இணங்கிக் கதராடை அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிட்டாமற் போனவர். காக்கிநாடாவிலிருந்த அறக்கட்டளை ஒன்று உதவுவதாகச் சொன்ன வாக்கையும், மாமனார் திரட்டித் தந்த பணத்தையும் துணையாகக் கொண்டு பாஸ்டன் வந்து சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. ஆம், அவரும் பிறர் கொடுத்த பணத்தில் கடல் கடந்தவரே.

பின்னாளில் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவரான அவர், ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை ஆக்கும் பணிக்கு வழிகாட்டினார். உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு அது மருந்து. அதே வேளையில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளோடு போராடிக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலவகை அக்குழந்தைகளின் நோயைத் தூண்டிவிடுவதைக் கண்ட அவர், அதற்கு எதிரான பொருள் நோயை அடக்கலாமே என்று எண்ணினார். சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின் அவர் கைக்கு வந்தது. 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று 1948 ஜூன் மாதத்தில் அவர் அறிவித்தார். தணிவு தற்காலிகமானதே, ஆயினும் அதுவரை சாவைத் தவிர வேறெதையும் அறியாத நோய் அது. இன்று வளம் மிக்க நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சுப்பாராவோ அவ்வாண்டு ஆகஸ்ட் மாதமே மறைந்துவிட்டார்.

அமினோப்டெரினை அடுத்து அதே குடும்பத்தில் வந்த மருந்தின் பெயர் மெதோட்ரெக்ஸேட். அப்பெயரைப் படித்ததும் எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. பெரிய லாத்தாவை அழைத்து, வாப்பாவின் இரும்புப் பெட்டியிலிருக்கும் உம்மாவின் மருத்துவச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மஞ்சள் பூத்த தாளில், மதுரை மருத்துவரின் கையெழுத்தில், மூன்று ஊசி மருந்துகளின் பெயர்கள் இருந்தன. நடுவிலிருந்தது மெதோட்ரெக்ஸேட்.

மாமாவுக்கு விடை கிடைத்துவிட்டது. எங்கோ ஒரு சிற்றூரில் பிறந்தவர், எவரோ தந்த உதவியில் கடல் கடந்து, எவர் பிள்ளைகளுக்காகவோ உழைத்த உழைப்பின் பயன், 46 ஆண்டுகள் கழித்து மதுரையில் என் உம்மாவின் நரம்பில் ஏறியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த அந்த ஏழு மாதத்தில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் காசு எந்த நாட்டில் விழுந்தாலும், அதன் பயன் அந்நாட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. இதனை மாமாவிடம் சொன்னேன். "சரி, ஆனா அடையாற்றையும் மறந்துடாதே" என்றார்கள். அதுவும் நியாயமே. அந்த ஆண்டு முதல் என் சொந்தப் பணத்தில் ஒரு பங்கு அங்கே செல்கிறது.

இன்னொரு செய்தியும் அந்தத் தேடலில் கிடைத்தது. 1948 மே மாதத்தில், ஃபார்பரின் ஆராய்ச்சிக்கு நிதி வேண்டி, நோயுற்ற சிறுவன் ஒருவனை வானொலியில் பேச வைத்தார்கள். அவன் உண்மைப் பெயரை வெளியிடாமல் 'ஜிம்மி' என்று மட்டும் அழைத்தார்கள். மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள்; ஜிம்மி நிதி பிறந்தது. டேனா-ஃபார்பருக்குப் பொருள் திரட்டும் அந்நிதி இன்றும் இயங்குகிறது. சிறுவன் இறந்திருப்பான் என்றே பலரும் நம்பியிருக்க, 1998 இல் ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவர் உயிரோடிருக்கும் செய்தி வெளியாயிற்று. ஐனார் குஸ்டாஃப்சன் என்பது அவர் பெயர்.

அவர்கள் பிள்ளையின் பெயரை மறைத்து, நோயின் பெயரைச் சொன்னார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் வாப்பா, ஜிம்மியைக் கேள்விப்படாமலே அதே முடிவுக்கு வந்து சேர்ந்ததை எண்ணி எண்ணி வியந்தேன்.

* * *

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டா. பழைய பந்தய மிதிவண்டி ஒன்றை வாங்கினேன். காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் முறை அதற்கு. சாலை விளக்கில் சிவப்பைக் கண்டு நின்றபோது காலை விடுவிக்க மறந்து, நின்ற நிலையிலேயே சாய்ந்து விழுந்தேன். பக்கத்துக் காரிலிருந்த மூதாட்டி பதறிப்போனார். குரங்குப் பெடல் காலத்தில்கூட அப்படி விழுந்ததில்லை!

ஆகஸ்ட் 3 சனிக்கிழமை. ஸ்டர்பிரிட்ஜ் என்னும் ஊரில் பஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, இருளில் ஆயிரக்கணக்கான வண்டிகளின் சங்கிலி ஓசை மட்டும் கேட்டது. கிழக்கு வெளுத்ததும் புறப்பட்டோம். முதல் பகுதி ஏற்றமும் இறக்கமுமாக இருந்தது. ஆனால் கால்வலியை எண்ண எவரும் விடவில்லை. வழிநெடுகிலும் வீட்டு வாசல்களில் நாற்காலி போட்டு அமர்ந்து, மணியடித்து, "நன்றி, நன்றி" என்று கூவுகிறார்கள். நன்றி எனக்கா? நான் என்ன செய்துவிட்டேன்? ஒரு சிறுவன், தான் உயிரோடிருப்பது உங்களால்தான் என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைக் கடந்தபின் சிறிது தூரம் எனக்குச் சாலை தெரியவில்லை.

பிற்பகலில் லேக்வில் என்னும் ஊரில், சாலையோரம் வரிசையாகக் குழந்தைகளின் படங்கள். டேனா-ஃபார்பரில் சிகிச்சை பெறும் குழந்தைகள். முடியில்லாத தலைகள், ஆனால் முக்காடு இல்லை, மறைப்பு இல்லை. அத்தனை முகங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன். பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் நீர் அருந்திக்கொண்டிருந்தார். அங்கே எல்லாரும் எல்லாரையும் கேட்கும் கேள்வியை அவரும் கேட்டார்: "நீங்கள் யாருக்காக மிதிக்கிறீர்கள்?"

"என் தாய்க்காக. மார்பகப் புற்றுநோய்."

"எனக்கும் அதேதான். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன" என்று சொல்லி, அவர் தம் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பதினொரு ஆண்டுகளை எண்ணியபடி மிதித்தேன். உம்மாவுக்குப் பதினொரு ஆண்டுகள் கிடைத்திருந்தால் பேரப்பிள்ளைகள் எண்மரைக் கண்டிருப்பார்கள்.

இவர்களும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர். 1961 ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவமனை ஒன்றில் 200க்கும் மேற்பட்ட மருத்துவர்களைக் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்புவதாகக் கூறினார்கள். 1979 இல் அமெரிக்க மருத்துவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் நாக்கு திருந்தியிருக்கிறது. நம் நாக்கு திருந்த முடியாதா?

இரவு போர்ன் நகரில், கால்வாய்க் கரையிலுள்ள கடற்பயிற்சிக் கல்லூரியில் தங்கினோம். முதல் நாள் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். மறுநாள் இருள் பிரியுமுன் பெரிய பாலத்தைக் கடந்து, கேப் காட் என்னும் வளைந்த நிலமுனையில் நுழைந்தோம். புரூஸ்டரில் கோடை முகாம் ஒன்றின் பிள்ளைகள், உயரமான செடிவேலிக்குப் பின்னாலிருந்து காது செவிடுபடக் கூவி எங்களை வழியனுப்பினார்கள். அம்முகாம் பின்னர் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கூவல் இன்னும் என் காதில் இருக்கிறது. முனையை நெருங்க நெருங்க மணற்குன்றுகளும் எதிர்க்காற்றும். அந்தக் காற்றில் எங்கள் ஊர்க் கடற்கரையின் உப்பு மணத்தைக் கண்டேன். வண்டியின் கைப்பிடியில் சிறிய துணிநாடா ஒன்றில் உம்மாவின் பெயரைத் தமிழில் எழுதிக் கட்டியிருந்தேன். அங்கே அதனைப் படிக்கக் கூடியவர் எவருமில்லை. அது நம் வீட்டோடு இருக்கட்டும் என்று வாப்பா சொன்னதை நான் மீறவில்லை.

நண்பகலுக்கு முன் பிராவின்ஸ்டவுனை அடைந்தேன். வெற்றி முழக்கம் ஏதும் எனக்குள் எழவில்லை. கால்கள் நடுங்கின. கடலைப் பார்த்துச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, உம்மாவுக்காக துஆச் செய்தேன்.

நூற்றுக்கும் மேற்பட்டோர் கொடுத்திருந்தார்கள். ஒப்புக்கொண்ட தொகைக்குச் சற்று மேலேயே சேர்ந்தது. அவ்வாண்டு எல்லாருமாகத் திரட்டியது 6 கோடியே 30 இலட்சம் டாலர். அந்தக் கடலில் என் பங்கு ஒரு துளி.

* * *

அந்தத் துளியைவிடப் பெரிய கூலி எனக்குக் கிடைத்தது ஊரிலிருந்து.

செப்டம்பர் மாதத்தில் பெரிய லாத்தா அழைத்தாள். என் கடிதத்தை ஒரு விருந்து நாளில் வீட்டுப் பெண்கள் கூடியிருந்தபோது அவள் உரக்கப் படித்திருக்கிறாள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அச்சொல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. ஒருத்தி அழுதாளாம், ஒருத்தி, "இதையெல்லாமா எழுதுறது?" என்று கோபித்துக்கொண்டாளாம். மறுநாள் காலையில் எங்கள் சாச்சியின் மகள் தனியாக வந்து லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கட்டி இருக்கு லாத்தா. நாலு மாசமாச்சு. மகளுக்குப் பேச்சு நடக்குது, அதான்..." என்றிருக்கிறாள்.

அதே கணக்கு! இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் உம்மா போட்ட அதே கணக்கு!

லாத்தா அந்த வாரமே அவளை அடையாற்றுக்கு அழைத்துச் சென்றாள். நோய் தொடக்க நிலையில் இருந்தது. அறுவை நடந்தது, தொடர்ந்து மருத்துவம் பார்த்தார்கள். அவள் மகளின் நிக்காஹும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர்களும் எதையும் பெரிதுபடுத்தவில்லை. இன்று அவள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தைப் பற்றி என்னிடமே வேடிக்கை பேசுகிறாள்.

இக்கட்டுரையைப் படிக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். வலியில்லாத கட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். கட்டிகள் எல்லாம் புற்றல்ல. பெரும்பாலானவை வெறும் கட்டிகளே. எது எதுவென்று அறிய மருத்துவரிடம் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயின் பெயரை வீட்டிலாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்களாகிய நாமும், அதனைச் சொல்லக்கூடிய வீடாக நம் வீட்டை வைத்திருப்போம்.

வாப்பா 2022 ஆம் ஆண்டில் இறையடி சேர்ந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு நான் ஊர் சென்றிருந்தபோது, வெளியூர்ப் பழைய வணிக நண்பர் ஒருவர் அவர்களைக் காண வந்தார். பேச்சுக்கிடையே, "உங்க வீட்டம்மா எப்படி மவுத்தானாங்க?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பழைய விடை வரும் என்று எதிர்பார்த்தேன்.

வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்கள்:

"புற்றுநோய்ங்க. முன்னாடியே சொல்லாம விட்டுட்டோம்."